ஒரே பட்டேல் அல்லர்

அன்பு மகள் மதிவதனிக்கு,

நீ மணக்க விரும்பும் பிள்ளையின் குடும்பம் குஜராத்தின் சோஜித்ராவைப் பூர்வீகமாகக் கொண்ட லேவா பட்டிதார் (பட்டேல் என்று பெயர் வைத்துக்கொள்ளும் நிலவுடைமைச் சாதி) என்று எழுதியிருந்தாய். இங்கிலாந்தின் லெஸ்டரில் பார்க்கும்போது அவர்கள் எல்லாரும் ஒரே பட்டேல்களாகத்தான் உனக்குத் தெரிவார்கள். குஜராத்தின் ஆனந்த் நகரில் நெடுங்காலமாகக் குடியிருப்பவள் என்ற முறையில், அந்தப் பெயருக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வுகளை உனக்குச் சொல்லிவைப்பது என் கடமை.

பட்டிதார்களில் லேவா, கடவா என இரு பெரும் பிரிவுகள் உண்டு. கடவாக்களின் குலதெய்வமான உமியா மாதாவின் கோயில் ஊஞ்சாவில் இருக்கிறது. முற்காலத்தில் அங்கே குறித்துத் தரும் நாளில், பத்தாண்டுக்கு ஒருமுறை அளவில்தான், அவர்கள் வீட்டுத் திருமணங்கள் நடக்கும். அடுத்த முகூர்த்தம் வரை காத்திருக்க இயலாமல் தொட்டில் குழந்தைகளுக்கும் மணம் முடித்துவிடுவார்களாம்.

உன் விஷயம் லேவாக்களைப் பற்றியது. மஹி, சபர்மதி ஆறுகளுக்கு இடைப்பட்ட சரோத்தரில் நடியாத், வசோ, கரம்சத், தர்மஜ், பாத்ரண், சோஜித்ரா ஆகிய ஆறும் 'ச காம்' (ஆறு ஊர்) எனப்படும் உயர்ந்த ஊர்கள். பெண்ணைத் தம்மைவிட உயர்ந்த இடத்தில் கொடுப்பதே பெருமை என்பதால், சிற்றூர்க்காரர்கள் பெரும் வரதட்சணை கொடுத்து இவ்வூர்களில் பெண் கொடுக்க முந்தினார்கள். இவ்வூர்ப் பெண்களுக்கோ தம் வட்டத்துக்கு மேலே மாப்பிள்ளை இல்லை. பெண் பிறப்பதே சுமையாகி, பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1870இல் வந்த சட்டம் குஜராத்தின் கண்பிகள்மீதும் பாயும் நிலை வந்தது. (பட்டிதார்களின் பழைய பெயர் கண்பி.) பெண்களை மேலூர்களுக்கு இழந்து சலித்த மற்ற ஊர்க்காரர்கள் 5 ஊர், 22 ஊர், 27 ஊர் எனத் தமக்குள் 'கோள்' என்ற மண வட்டங்களை அமைத்து, வட்டத்துக்கு வெளியே பெண் கொடுத்தால் அபராதம் என்று விதித்தார்கள். இங்கிலாந்தில்கூட இந்த ஊர் வட்டங்களின் பெயரிலேயே சங்கங்கள் இயங்குவதை நீயே பார்த்திருப்பாய்.

அவர்கள் பெருமைப்பட நியாயமான காரணங்கள் நிறைய உண்டு. கரம்சத்தின் வல்லபாய் பட்டேல் முன்னின்ற 1918ஆம் ஆண்டு கேடா வரிகொடா இயக்கம், 1946இல் திரிபுவன்தாஸ் பட்டேல் தலைமையில் எழுந்த பால் கூட்டுறவு, கிழக்கு ஆப்பிரிக்காவில் கடை வைத்துப் பிழைத்து, 1972இல் உகாண்டாவிலிருந்து இடி அமீன் விரட்டியபின் பிரிட்டனில் புதிதாகத் தொடங்கிய துணிவு ஆகியவற்றை உன் மாமனார் வீட்டில் நிச்சயம் கேட்பாய், மரியாதையோடு கேள். எனினும், உழைப்பு ஒன்றாலேயே உயர்ந்தோம் என்ற பேச்சை நான் முழுதாக ஏற்பதில்லை. சரோத்தரின் புகையிலை வயல்களில் கூலிக்கு உழைத்த பாரையா என்னும் கோலி சாதியினர் அந்தக் கதையில் பெரும்பாலும் வருவதேயில்லை. இத்தனை செல்வாக்குள்ள சமூகம் 2015இல் இட ஒதுக்கீடு கேட்டு அகமதாபாத்தில் திரண்டபோது பலர் வியந்தார்கள். நிலம் துண்டுதுண்டாகி, வேலையும் கிடைக்காத பட்டேல் இளைஞர்களை இங்கே அன்றாடம் பார்க்கும் எனக்கு அது வியப்பாக இல்லை.

நீ எந்தக் கோளிலும் சேராத மருமகள். அதனால் உனக்கு இழிவு எதுவும் இல்லை. ஆனால் வயதில் மூத்த அத்தைமார் உன் ஊரையும் அப்பாவின் நிலபுலன்களையும் விசாரிக்கும்போது, எதை அளக்கிறார்கள் என்று நீ அறிந்திருக்க வேண்டும். சீர், நகைக் கணக்கு எதையும் நாங்கள் பேசப்போவதில்லை என்பதைப் பெரியவர்கள் கூடிப் பேசுவதற்கு முன்பே அந்தப் பிள்ளையிடம் நீயே தெளிவாகச் சொல்லிவிடு. அவர் தம் பெற்றோரிடம் அதை எப்படி எடுத்துச் சொன்னார் என்பதை எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா