முறைப்பாட்டுக்குப் பின்னால் போ, மகள்

ஆரையம்பதி

அன்புள்ள மகள்,

நீ அனுப்பிய குரல்பதிவை நானும் அம்மாவும் சேர்ந்திருந்து கேட்டோம். இரகசியக் கமரா வைத்துப் புலனாய்வு செய்யும் தொலைக்காட்சிக் குழுவில் உனக்கு இடம் கிடைத்தது பெரிய விசயம். அம்மாவுக்குச் சந்தோசமும் பயமும் ஒன்றாக வந்துவிட்டன. பயம் ஏன் என்று உனக்கும் தெரியும். 2004 மே 31ஆம் திகதி பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசனை இந்த மட்டக்களப்பில் வைத்துத்தான் சுட்டார்கள். அடுத்த வருசம் ஏப்ரலில் நம் ஊர்ப் பிள்ளை தராக்கி சிவராமைக் கொழும்பில் கடத்திக் கொன்றார்கள். இரண்டு பேரும் எதையும் ஒளித்து வைத்துப் படம் எடுத்தவர்கள் இல்லை. எல்லாருக்கும் தெரிந்த பெயரில் எழுதியவர்கள். அவர்களுக்கே அந்தக் கதி என்றால் என் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று அம்மா யோசிக்கிறார். லண்டன் வேறு என்று சொல்லிப் பார்த்தேன், அவருக்கு மனம் ஆறவில்லை. நீயே எடுத்துப் பேசு.

நான் எழுத வந்தது வேறொரு விசயம். வேலையை எடுக்காதே என்று சொல்லமாட்டேன். எடு. ஆனால் அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்தியாளர் கிறிஸ் ஹன்சனைப் பார்த்துத்தான் இந்தத் துறைக்கு ஆசைப்பட்டேன் என்று சொன்னாயே, அதைக் கேட்டதிலிருந்து அந்த மனிதரைப் பற்றித் தேடித் தேடி வாசித்துக்கொண்டிருக்கிறேன். நீதிமன்றப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு சாட்சியம் என்ன சொல்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் அது எப்படி எடுக்கப்பட்டது என்று பார்த்தே பழகிவிட்டேன்.

ஹன்சன் 1993இல் என்பிசி தொலைக்காட்சிக்கு வந்தவர். உலகம் அவரை அறிந்தது 2004 முதல் 2007 வரை ஓடிய ‘டு கெட்ச் எ பிரெடேட்டர்’ என்ற அந்த ஒரு தொடரால். தொண்டர் அமைப்பு ஒன்றின் ஆட்கள் இணைய அரட்டையில் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள்போல நடிப்பார்கள். அந்தப் பிள்ளையைத் தேடி வளர்ந்த ஆண்கள் வருவார்கள். வீடு முழுக்க ஒளித்து வைத்த கமராக்கள். உள்ளே வந்தவரின் முன்னால் ஹன்சன் வந்து நிற்பார், இருக்கச் சொல்வார், அவர் எழுதிய வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்பார். வெளியே போனால் பொலிஸ்.

அந்த ஆண்களுக்காக நான் பரிந்து பேசவில்லை. பிள்ளை என்று நினைத்துத்தான் வந்தார்கள். எத்தனையோ தாய் தகப்பன் தங்கள் வீட்டுக் கணினியை அதற்குப் பிறகுதான் எட்டிப் பார்த்திருப்பார்கள். ஹன்சனில் எனக்குப் பிடித்த ஒன்றும் உண்டு: அவர் கடைசிவரை ஒளிந்திருக்கவில்லை. தன் முகத்தோடு முன்னால் வந்து, நீ ஏன் வந்தாய் என்று கேட்டு, பிறகு தான் யார் என்றும் சொன்னார். அது சரி.

பிழைத்தது 2006 நவம்பரில், டெக்சாஸில். அரட்டையில் சிக்கிய ஒருவர் பொறி வைத்த வீட்டுக்கு வரவே இல்லை. 56 வயதான உதவி அரச வழக்குத்தொடுநர் அவர். அவர் வரவில்லை என்றதும் பொலிஸார் அவருடைய வீட்டுக்குப் போனார்கள், தொலைக்காட்சிக் குழுவும் கமராவோடு தெருவில் நின்றது. பொலிஸார் உள்ளே நுழைந்த நேரம் அவர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். அவருடைய சகோதரி 10 கோடியே 50 இலட்சம் டொலர் நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். வழக்கைத் தள்ளிவிடும்படி என்பிசி நிறுவனம் கேட்டதற்கு 2008இல் நீதிபதி முழுதாக இணங்கவில்லை. பிறகு சமரசமாக முடித்தார்கள். அந்த முறை அதே பொறியில் பிடிபட்ட இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மீதும் அரச வழக்குத்தொடுநர் வழக்குத் தொடரவில்லை. பொலிஸின் விசாரணையாக நடக்க வேண்டியதில் தொலைக்காட்சி நிகழ்ச்சியே முன்னுக்கு நின்றுவிட்டது என்பது அவருக்கிருந்த குறை. யோசித்துப் பார் மகள்: அவ்வளவு ஆட்கள், அவ்வளவு படம், ஒன்றும் நீதிமன்றத்துக்குப் போகவில்லை.

நம் நாட்டில் இலஞ்ச ஊழல் ஆணைக்குழு ஆட்களைக் கையும் களவுமாகப் பிடிப்பது உனக்குத் தெரியும். அங்கேயும் மாறுவேடம் உண்டு, பொறியும் உண்டு. ஆனால் முதலில் ஒருவர் வந்து, இந்த உத்தியோகத்தர் என்னிடம் காசு கேட்கிறார் என்று முறைப்பாடு கொடுக்கிறார். அதற்குப் பிறகுதான் பொறி. கேட்டது யார், முதலில் வாயைத் திறந்தது யார் என்பதில்தான் முழு வழக்கும் நிற்கும்.

நீ வேலை செய்யப்போகும் நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 2011 மே மாதம் பிபிசியின் புலனாய்வு நிகழ்ச்சியான பனோரமாவில் வந்தது. பிறிஸ்டலுக்குப் பக்கத்தில் கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கான தனியார் மருத்துவமனை, விண்டர்போர்ன் வியூ. அங்கே வேலை செய்த மூத்த தாதிய உத்தியோகத்தர் ஒருவர் நடக்கும் கொடுமையை நிர்வாகத்துக்கும் சொன்னார், கண்காணிக்கும் ஆணைக்குழுவுக்கும் சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லாக் கதவையும் தட்டிய பிறகுதான் பிபிசிக்குப் போனார். ஜோ கேசி என்ற செய்தியாளர் அங்கே பராமரிப்பு உதவியாளராக வேலைக்குச் சேர்ந்து, ஐந்து கிழமை இரகசியமாகப் படம் எடுத்தார். தப்பி ஓட முடியாத ஆட்களை அங்கே வேலை செய்தவர்கள் அடித்தார்கள், தரையில் இழுத்தார்கள், உடுப்போடு குளிர்நீரை ஊற்றினார்கள். 11 பேர் குற்றவாளிகளானார்கள், 6 பேர் சிறைக்குப் போனார்கள், மருத்துவமனையையே மூடினார்கள். கமரா போகாமல் இருந்திருந்தாலும் அந்த அடி விழுந்துகொண்டே இருந்திருக்கும். கமரா அதைப் பார்த்தது, உண்டாக்கவில்லை. நீ மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டிய ஆள் ஜோ கேசி என்றுதான் எனக்குப் படுகிறது. அவ்வளவு பேர்புகழ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஆனால் அந்த வேலையின் பாரத்தையும் நினைத்துப் பார். கண்ணுக்கு முன்னால் ஒரு பிள்ளைக்கு அடி விழும்போது, ஆதாரம் போதாது, இன்னும் கொஞ்ச நாள் எடுக்க வேணும் என்று நிற்பாயா? எந்தக் கட்டத்தில் படம் எடுப்பதை விட்டுவிட்டுக் குறுக்கே போவாய்? இதை உள்ளே போவதற்கு முன்னால் உன் தயாரிப்பாளரோடு பேசி முடிவாக்கு. உள்ளே போய் நின்று யோசிக்க நேரம் கிடைக்காது.

நேர் எதிரான கதை ஒன்று 2007இல் டெல்லியில் நடந்தது. பாடசாலை ஆசிரியை ஒருவர் மாணவிகளைப் பாலியல் தொழிலுக்குத் தள்ளுகிறார் என்று லைவ் இந்தியா என்ற அலைவரிசை இரகசியப் படம் போட்டது. சனம் பாடசாலைக்குத் திரண்டு போய் அந்தப் பெண்ணை அடித்து உடுப்பைக் கிழித்தது. அரசாங்கம் வேலையை விட்டு நீக்கியது, பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது. கடைசியில் பார்த்தால் முழுதும் சோடனை. மாணவி என்று காட்டப்பட்டவள் மாணவியே இல்லை. அலைவரிசையை ஒரு மாதம் நிறுத்தி வைத்தார்கள். அந்த ஆசிரியையின் முகம் எத்தனை நாட்டு வீடுகளுக்குள் போனது! குற்றமில்லை என்று பிறகு வந்த செய்தி அதில் பாதி வீட்டுக்காவது போயிருக்குமா?

எனக்கு இது படித்து அறிந்த விசயம் மட்டும் இல்லை. தொண்ணூறாம் ஆண்டு இராணுவச் சுற்றிவளைப்புகளில் நாங்கள் வரிசையில் நின்றவர்கள். சாக்கால் முகத்தை மூடிய தலையாட்டி, ஆள் காட்டிக்கொடுப்பவன், ஒருவன் ஜீப்புக்குள் இருப்பான். ஒவ்வொருவராக அவன் முன்னால் போக வேணும். தலை ஆடினால் அந்தப் பக்கம், ஆடாவிட்டால் வீட்டுக்கு. எனக்கு முன்னால் நின்ற பெடியனுக்குத் தலை ஆடியது. என்ன கண்டு ஆட்டினான், யாருக்குப் பயந்து ஆட்டினான் என்று கேட்க ஆள் இல்லை. அந்தப் பெடியன் திரும்பி வரவில்லை. அவனுடைய தாய் எத்தனையோ வருசம் அரச கச்சேரிக்கும் இராணுவ முகாமுக்கும் நடந்தா. நீதிமன்றத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒவ்வொரு சாட்சியும் கூண்டில் ஏறித் தன் பெயரைச் சொல்லிக் குறுக்கு விசாரணைக்கு நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்தச் சாக்கு ஞாபகம் வரும். நீ எங்கே ஒளிந்திருந்து பார்த்தாலும், பிறகு வெளியே வந்து உன் பெயரைச் சொல்லி நில். எதிர்ப்பக்கம் பதில் சொல்ல நேரம் கொடு. அவர்கள் சொல்வது உன் கதையைக் கெடுத்தாலும் போடு.

இன்னொன்று, படத்தில் வரும் மற்றச் சனம். 2009 மே மாதம் பிரித்தானியாவின் சனல் 4, போரில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த வவுனியா முகாம்களுக்குள் இரகசியமாக எடுத்த படத்தைப் போட்டது. உலகம் அதைப் பார்க்க வேண்டியிருந்தது, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. சில நாளில் அந்தக் குழுவைப் பிடித்து நாடு கடத்தினார்கள். அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். சனம் முட்கம்பிக்குள்ளேயே இருந்தது. நீ வெளியே வந்த பிறகும் உள்ளே இருக்கப்போகிறவர் யார் என்று ஒவ்வொரு படப்பிடிப்பிலும் முதலில் கணக்கெடு. அவர்களுடைய முகத்தையும் குரலையும் மறைப்பது மட்டும் போதாது. உடுப்பு, கதிரை, யன்னலுக்கு வெளியே தெரியும் மரம், எல்லாம் காட்டிக்கொடுக்கும்.

பிரித்தானியாவில் ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஒஃப்கொம் அமைப்பின் விதிக்கோவையில் இரகசியப் படப்பிடிப்புப் பற்றிய பகுதியை வாசித்தேன். பொதுநலன் சார்ந்த கதை இருக்கிறது என்பதற்கு முதல்நோக்கு ஆதாரம் கையில் வேணும், மேலும் ஆதாரம் கிடைக்கும் என்று நம்ப நியாயமான காரணம் வேணும், கதையின் நம்பகத்தன்மைக்கு அந்தப் படம் அவசியமாக இருக்க வேணும். நல்ல விதி. உன் குழு அதை எழுத்தில் பதிகிறதா, யார் கையெழுத்து வைக்கிறார்கள் என்று கேள்.

அப்புறம் ஒப்பந்தம். 1992இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் பொய் விவரம் கொடுத்து ஃபுட் லயன் என்ற பல்பொருள் கடைகளில் வேலைக்குச் சேர்ந்து பழுதான இறைச்சி பற்றிப் படம் எடுத்தார்கள். நிறுவனம் படத்தை விட்டுவிட்டு, அந்தப் பொய் விண்ணப்பத்தையும் அத்துமீறலையும் பிடித்துக்கொண்டு வழக்குப் போட்டது. யூரிகள் 55 இலட்சம் டொலர் தண்டம் விதித்தார்கள், நீதிபதி 3,15,000 ஆக்கினார், 1999இல் மேன்முறையீட்டில் மிஞ்சியது 2 டொலர். ஆனால் அதுவரைக்கும் வழக்குச் செலவைத் தாங்க அவர்களுக்குப் பின்னால் பெரிய நிறுவனம் இருந்தது. உன்மீது தனிப்பட வழக்கு வந்தால் சட்டத்தரணிக்குக் காசு கட்டுவது யார், வேலையை விட்ட பிறகும் கட்டுவார்களா? கையெழுத்து வைப்பதற்கு முன்னால் ஒப்பந்தத்தை எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பு. வாசித்து இரண்டு நாளில் பதில் போடுகிறேன்.

அன்புடன்,
அப்பா