21 நாள் கணக்கும் கடன் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனப்பாங்கு, பழக்கம், தொழில் வெற்றி என்று சென்ற இதழில் நீங்கள் கொடுத்திருந்த புத்தகப் பட்டியலைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். அதில் பாதியைப் படித்தவன், ஒரு தொழிலைத் தொடங்கி மூடியும் பார்த்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

முதலில், இந்த வகைப் புத்தகங்களில் வரும் '21 நாளில் எதுவும் பழக்கமாகிவிடும்' என்ற வரி. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதியதிலிருந்து கிளம்பிய கணக்கு இது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்றார் அவர். கைமாறிக் கைமாறி வந்ததில் 'குறைந்தது' என்ற சொல் எங்கோ விழுந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து, ஒரு செயல் தன்னால் நடக்கும் பழக்கமாக மாற ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று மதிப்பிட்டார்கள். இடைநிலை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் கணக்கு, 66 நாள். நடுவில் ஒரு நாள் தவறினால் எல்லாம் கெட்டுவிடுவதில்லை என்பதும் அதில் தெரிந்தது. 22-ம் நாள் காலையில் எழ மனம் வராமல், 'சரி, நமக்கு மன உறுதியே இல்லை' என்று போர்வையை இழுத்துக்கொண்டவன் நான். இது அப்போதே தெரிந்திருக்கலாம்.

வெற்றிக் கதைகளையும் கொஞ்சம் தள்ளி நின்றே படிக்க வேண்டியிருக்கிறது. ஜிம் காலின்ஸ் 2001-ல் 'குட் டு கிரேட்' என்ற தொழில் வெற்றிப் புத்தகத்தில் எடுத்துக்காட்டிய 11 அமெரிக்க நிறுவனங்களில் ஒன்றான, மின்னணுப் பொருள் விற்ற சர்க்யூட் சிட்டி 2008-ல் திவாலானது. இன்னொன்றான வீட்டுக்கடன் நிறுவனம் ஃபேனி மே அதே ஆண்டு அரசின் பொறுப்புக்குப் போனது. புத்தகத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அதே விடிகாலையில் எழுந்து, அதே உழைப்பைப் போட்டுத் தோற்றவர்கள் புத்தகம் எழுதுவதில்லை. எழுதினால்தான் யார் வாங்கப்போகிறார்கள்!

அதனால்தான் அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் தன் நிறுவனமான பெர்க்‌ஷயர் ஹாதவேயின் பங்குதாரர்களுக்கு எழுதிய ஆண்டுக் கடிதங்களைச் சொல்லத் தோன்றுகிறது. 1977 முதல் உள்ளவை பெர்க்‌ஷயர் ஹாதவே இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 1989-ம் ஆண்டுக் கடிதத்தில் முதல் 25 ஆண்டுத் தவறுகளைத் தனியாகப் பட்டியல் போட்டிருக்கிறார். பெர்க்‌ஷயரை வாங்கியதே முதல் தவறு என்றுதான் அது தொடங்குகிறது. எவ்வளவு பெரிய தைரியம்!

என் தவறு அதைவிடச் சின்னது, ஆனால் என்னைச் சாய்த்துவிட்டது. சரக்கு கொடுத்தவர்களுக்கு நான் 30 நாளில் பணம் தர வேண்டும். என்னிடம் வாங்கியவர்கள் 90 நாள் கழித்துத்தான் தந்தார்கள். கடனுக்கு விற்றதெல்லாம் ஏட்டில் லாபமாக ஏறிக்கொண்டே இருந்தது. விற்பனை கூடக் கூடக் கை வறண்டது. ஆர்டர் பெருகுகிறதே என்று நான் மகிழ்ந்துகொண்டிருந்த மாதத்தில்தான் சம்பளம் போடக் கடன் வாங்கினேன். அந்த இரண்டு வருஷமும் இரவில் படித்ததெல்லாம் மனப்பாங்குப் புத்தகங்கள்தான். மனப்பாங்கில் ஒரு குறையும் இல்லை. ரொக்க வரவு செலவைப் பார்க்கத்தான் தெரியவில்லை.

அடுத்த பட்டியலில் அடிப்படைக் கணக்குப்பதிவியல் பாடநூல் ஒன்றையும் சேர்க்க வேண்டுகிறேன். பள்ளிப் பாடநூலாக இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்