வாவா ஊர் மோட்டல் அம்மாவுக்கும் மத்த எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். நாங்க மூணு பேரும் நேத்து ராத்திரி மிசிசாகா வந்து சேந்துட்டோம். கனடாவுல ஹைவே 17ல பனில எங்க வண்டி மாட்டிக்கிட்டது உங்களுக்கே தெரியும், எல்லாத்தையும் திரும்ப எழுத கை வரல. எங்கள மொதல்ல பாத்து வண்டிய நிறுத்தின ஸ்னோ பிளவ் டிரைவர், நடுராத்திரில வந்த டோ ட்ரக் தம்பி, ரோடு மூடிக் கெடந்த ரெண்டு நாளும் போன கீழ வைக்காத பிரெண்ட்ஸ், ஊர்ல வேண்டிக்கிட்ட அத்தை, எல்லாருக்கும் கோடி நன்றி. ஒவ்வொருத்தருக்கா போன் பண்றேன்.

ஆனா ஒருத்தங்கள பத்தி, ரோடு மூடிக் கெடந்தப்ப நாங்க தங்கின வாவா மோட்டல் அம்மாவ பத்தி, இங்கயே சொல்லியாகணும்.

எங்கம்மா எறந்து போனப்புறம் வர்ற மொதல் மார்கழி இது. இங்க வாசல் முழுக்க பனி, கோலம் எங்க போடறது. 2015ல அமெரிக்காவுல கேப் காட் கடற்கரைல மேகன் மர்பின்னு ஒருத்தங்க கல்லுல நல்ல வார்த்தையா எழுதி யாராவது எடுத்துக்கட்டும்னு வச்சுட்டு போக ஆரம்பிச்சாங்க இல்ல, அது மாதிரி பாட்டியோட சிக்குக் கோலத்த கல்லுல வரைஞ்சு வழி நெடுக வைக்கலாம்மான்னு பாப்பாதான் சொன்னா. மொத்தம் 41 கல்லு. பார்க்குல பொறுக்கக் கூடாதுன்னு கடைல மூட்டையா வாங்கினது. சூ செயின்ட் மரி வரைக்கும் 14 வச்சுட்டோம், தரைல வச்சா கொஞ்ச நேரத்துல பனி மூடிடும், அதனால கேஸ் ஸ்டேஷன் ஜன்னல் திட்டு, காபி கடை வாசல் பெஞ்சுன்னு கேட்டு கேட்டு வச்சோம்.

மீதி 27ம் டிக்கில ஒண்ணோட ஒண்ணு மோதி பெயிண்ட் பேந்துடுச்சு. பாப்பா அன்னிக்கு அழுதது அதுக்குத்தான், வேற எதுக்கும் இல்ல. அந்த மோட்டல் அம்மா எதுவும் கேக்கல, ஈரமா இருக்கு ஹீட்டர் பக்கம் வைக்கறேன்னு பெட்டிய வாங்கிட்டு போனாங்க.

காலைல பாத்தா கவுன்ட்டர் மேல துண்டு விரிச்சு 27 கல்லும் வரிசையா இருக்கு. பேந்த எடத்துல எல்லாம் வெள்ளை நெயில் பாலிஷ்ல புள்ளி! கோலத்த வாழ்க்கைல பாத்ததே இல்லையாம், நல்லா இருந்த கல்ல பக்கத்துல வச்சு, இந்தப் பக்கம் மூணுன்னா அந்தப் பக்கமும் மூணு இருக்கணும்னு எண்ணி எண்ணி வச்சிருக்காங்க, எழுபது வயசுக்கு மேல இருக்கும், ராத்திரி பூரா உக்காந்து. எனக்கு அங்கயே நிக்க முடியல.

ஒரு கல்லுல மட்டும் ஒரு புள்ளி அதிகம். எங்கம்மா புள்ளி தப்பினா அழிக்கவே மாட்டாங்க, அதையும் ஒரு சுழி சுழிச்சு கோலத்தோட சேத்துடுவாங்க. பாப்பா அதே நெயில் பாலிஷ் பாட்டில வாங்கி அந்தப் புள்ளிய சுத்தி ஒரு சுழி போட்டு அவங்க கைல குடுத்தா. இப்ப அது சாவி மாட்டற பலகைக்கு கீழ இருக்கு.

மிச்சம் 26ம் பத்திரமா இருக்கு. 1980ல டெர்ரி பாக்ஸ் கேன்சர் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட செயற்கைக் காலோட 5,373 கிலோமீட்டர் ஓடி தண்டர் பே கிட்ட நிறுத்தினாரே, அந்த ஊர் வரைக்கும் அடுத்த மார்கழில கொண்டு போயே தீருவோம், பகல்ல மட்டும் ஓட்டிக்கிட்டு. பாப்பா இத இங்கிலீஷ்ல எழுதி அந்த அம்மாவுக்கு அனுப்பறா. அவங்க பாட்டில் பாதி காலி, புதுசு ஒண்ணு வாங்கியாச்சு, நெயில் பாலிஷ் தபால்ல அனுப்பக் கூடாதாம், நேர்லதான் கொண்டு போகணும்.