வில்லுக்கு என்று கேட்டு வாங்கிய ஆஷ் பலகை முறிந்தது குறித்துப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்

ஐயா,

குறுக்குவில் (கட்டையின் முனையில் குறுக்காக வில்லைப் பூட்டி எய்யும் கருவி) ஒன்றைக் கையால் செய்வதற்காக உங்களிடம் இரண்டு மரங்கள் வாங்கினேன். அடிக்கட்டைக்கு வால்நட், வில்லுக்கு ஆஷ். வால்நட்டில் ஒரு குறையும் இல்லை. கணு கிடையாது, இழை, அதாவது மரத்தின் நார் ஓட்டம், நூல் பிடித்தாற்போல் ஓடுகிறது. வளையாமல் சும்மா இருக்க வேண்டிய கட்டைக்கு அவ்வளவு நேர்த்தியான மரத்தை அனுப்பிவிட்டு, வளைந்தே பிழைக்க வேண்டிய வில்லுக்கு இப்படி ஒரு பலகையை அனுப்பியிருக்கிறீர்கள்.

பணம் கட்டுவதற்கு முன்பே உங்கள் விற்பனையாளரிடம் இரண்டு கேள்விகள் கேட்டேன். இழை முனைக்கு முனை நேராக ஓடுகிறதா? ஈரம் எவ்வளவு? "நேர் இழை, 10 சதவீதம்" என்றார். பலகையில் ஒட்டியிருந்த சீட்டிலும் அதுவே இருந்தது, கூடவே "வில்லுக்கு ஏற்றது" என்றும்.

மேல் பரப்பைப் பார்த்து நானும் ஏமாந்துதான் போனேன். இழைப்புளி போட்டுப் பக்கவாட்டைச் சுத்தம் செய்த பிறகே விஷயம் தெரிந்தது. 30 செ.மீ. நீளத்துக்குள் இழை 3 செ.மீ. சரிந்து ஓரத்தில் வெளியேறிவிடுகிறது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். சீட்டை நம்பி மேலே போனது என் தவறு, அதை ஒப்புக்கொள்கிறேன்.

வில்லைச் சுவரில் பொருத்தி, கயிறும் கப்பியும் வைத்து, விலகி நின்று சிறிது சிறிதாக இழுத்தேன். பாதி வளைவுகூட வரவில்லை. முதலில் வெளிப்பக்கத்தில் நகத்தளவு ஒரு சிராய் எழுந்தது. கயிற்றைத் தளர்த்துவதற்குள் வில் இரண்டாகிவிட்டது. முறிவு குறுக்கே போகவில்லை, சரிந்த இழையின் வழியிலேயே சாய்வாகப் பிளந்திருக்கிறது. துண்டை மேசையில் வைத்துப் பார்த்தால் இழையும் பிளவும் ஒரே கோடு. படம் இணைத்துள்ளேன். அடிக்கட்டையில் பூட்டி, முகத்தருகே வைத்திருக்கும்போது இது நடந்திருந்தால் இந்தக் கடிதத்தை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

ஈரத்தையும் சோதித்தேன். வெட்டி எறிந்த துண்டு ஒன்று 58 கிராம் இருந்தது. எடை இறங்குவது நிற்கும்வரை அடுப்பில் மெல்லிய சூட்டில் காய வைத்தபோது 50 கிராம். அதாவது 16 சதவீதம். அவ்வளவு ஈரமுள்ள மரம் முறியாமல் தப்பியிருந்தாலும் வளைந்தது நிமிராமல் சோம்பிக் கிடக்கும்.

இதற்கு உங்களிடமிருந்து வந்த பதில்: "மரம் இயற்கைப் பொருள், சிறு மாறுபாடுகள் இருக்கும். வேண்டுமானால் இதைவிடக் கடினமான கருங்காலி தருகிறோம்." கடினம் எனக்கு எதற்கு? வில்லுக்கு வேண்டியது வளைந்து முறியாமல் திரும்பும் குணம். குறுக்குவில்லின் வில் கைவில்லைவிடக் குட்டையானது, ஆனால் இழுவிசை அதிகம். வெளிப்பக்க நார்கள் இழுபடும், உட்பக்க நார்கள் நசுங்கும். நார் முனைவரை அறுபடாமல் ஓடினால்தான் அந்த இழுப்பைத் தாங்கும். அதனால்தான் யூ, ஆஷ், ஹிக்கரி என்று தேடுகிறோம். இழை அறுந்தால் எந்த மரமும் ஒன்றுதான். கருங்காலியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஷ் பலகைக்கான முழுத் தொகையையும் அனுப்புச் செலவையும் திருப்பித் தாருங்கள். அல்லது ரம்பத்தால் அறுக்காமல் ஆப்பு வைத்து இழை வழியே பிளந்த கட்டை ஒன்றை மாற்றாகத் தாருங்கள். அனுப்புவதற்கு முன் அதன் பக்கவாட்டையும் இரு முனைகளையும் படம் எடுத்து எனக்குக் காட்ட வேண்டும். எந்த வழியானாலும், இழையைப் பார்க்காமலே "வில்லுக்கு ஏற்றது" என்று சீட்டு ஒட்டுவதை உடனே நிறுத்துங்கள். அந்த இரண்டு சொல்லை நம்பி அடுத்தவர் விலகி நிற்காமல் இழுக்கக்கூடும்.

முறிந்த துண்டுகள் என்னிடம் பத்திரமாக உள்ளன. ஆளனுப்பினால் ஒப்படைக்கிறேன். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், சீட்டின் படம், முறிந்த வில்லின் படங்கள்