எங்கள் மேசையைச் சுற்றி நான்கு பேர்: வீட்டுக்கல்விப் பாடத்திட்டம் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்காக ஆண்டுப் பாடத்திட்டம் எழுதுபவர்களுக்கும், அதைப் பெட்டியில் போட்டு விற்பவர்களுக்கும் வணக்கம்.

எனக்கு நான்கு பிள்ளைகள். மூத்தவளுக்கு 12 வயது, அடுத்தவனுக்கு 9, மூன்றாமவளுக்கு 6, கடைக்குட்டிக்கு ஒன்றரை. ஐந்து வருடமாக வீட்டுக்கல்விதான். உங்கள் புத்தகங்களில் எனக்குக் குறை இல்லை, பாடங்கள் நன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன, பிள்ளைகளும் ஆசையாகத்தான் திறக்கிறார்கள். நான் எழுத வந்தது ஒரே ஒரு விஷயத்துக்காக. திட்டம் போடும்போது உங்கள் மனதில் ஒரு பிள்ளையும் ஒரு பெரியவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் மேசையைச் சுற்றி நான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள், பெரியவர் அதே ஒருவர்தான்.

சென்ற ஆண்டு மூன்றாமவளும் படிக்கத் தொடங்கியதால் முதல்முறையாக மூன்று வகுப்புக்கு மூன்று பெட்டி வாங்கினோம். மூத்தவளின் பெட்டியில் ஒரு நாளைக்கு 5 மணி நேரம் என்று போட்டிருந்தது, இரண்டாமவனுக்கு 4, சின்னவளுக்கு இரண்டரை. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமான கணக்கு. கூட்டிப் பார்த்தால் பதினொன்றரை மணி நேரம். அதில் எவ்வளவு நேரம் நான் கூட உட்கார வேண்டும், எவ்வளவு நேரம் பிள்ளை தானாகச் செய்யும் என்று எந்தப் பெட்டியிலும் ஒரு வரி இல்லை. அந்த வருடம் கடைக்குட்டி வேறு தவழத் தொடங்கியிருந்தான், கண்ணை எடுத்தால் எதையாவது வாயில் போடுகிற வயது.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். சின்னவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருப்பேன், அது பாதியில் விட முடியாத வேலை. எதிரே இரண்டாமவன் கணக்கில் மாட்டிக்கொண்டு, சந்தேகம் வந்த இடத்தில் விரலை வைத்தபடியே எனக்காகக் காத்திருப்பான். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், சில நாள் இருபது நிமிடம். அதற்குள் தொட்டிலில் இருந்து அழுகை வரும். நான் அவனிடம் திரும்பும்போது நோட்டை மூடி வைத்திருப்பான். கொஞ்ச நாளில் அவன் காத்திருப்பதையே விட்டுவிட்டான், தெரிந்ததை எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவான், நானும் பிள்ளை தானாகச் செய்யப் பழகிவிட்டான் என்று சந்தோஷப்பட்டேன். பதினோராவது வாரம் மூன்று வாரக் கணக்குகளை மொத்தமாகத் திருத்த உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. 612ஐ 6ஆல் வகுத்தால் 102 வர வேண்டிய இடத்தில் 12 என்று எழுதியிருந்தான். ஈவில் பூச்சியம் போட வேண்டிய எல்லா இடத்திலும் அதே தவறு, மூன்று வாரமாக. இரண்டு நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் முதல் நாளே சரியாகியிருக்கும். அவன் கேட்பதை நிறுத்தியதுதான் எனக்குக் கணக்கைவிடப் பெரிய வலி. திரும்பவும் தயங்காமல் "அம்மா, இது புரியல" என்று சொல்ல அவனுக்கு மாதக் கணக்கில் ஆனது.

அதனால் என் முதல் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு பாடத்தின் தலைப்புக்குப் பக்கத்திலும் பெரியவரின் நேரத்தைப் போடுங்கள். பிள்ளையின் நேரம் வேறு, எங்கள் நேரம் வேறு. மூன்றே குறி போதும்: கூடவே உட்கார வேண்டியது, கூப்பிடு தூரத்தில் இருந்தால் போதுமானது, தனியாகச் செய்யக்கூடியது. இது உங்களுக்குத் தெரியாத விஷயமே இல்லை. புதிதாகப் படிக்கப் பழகும் பிள்ளைக்கு ஒவ்வொரு வரியிலும் ஆள் வேண்டும். கணக்கில் புதுப் பாடம் தொடங்கும் நாளில் முதல் பத்து நிமிடம் ஆள் வேண்டும், மறுநாள் பயிற்சிக்கு வேண்டாம். வாசிக்கத் தெரிந்த 12 வயதுப் பிள்ளை வரலாற்றுப் பாடத்தைத் தானே படித்துவிடும், ஆனால் எழுதியதைத் திருத்தும்போது நாங்கள் பக்கத்தில் இருந்தாக வேண்டும். இதையெல்லாம் குறித்துக் கொடுத்தால், மூன்று பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த இரண்டு பாடம் ஒரே நேரத்தில் ஓடலாம், எது ஓடக் கூடாது என்று ஒரே மாலையில் அட்டவணை போட்டுவிடலாம்.

இந்த வருடம் நான் அந்த வேலையை நானே செய்தேன். பிள்ளைகளின் பாடத்திலிருந்து ஆரம்பிக்காமல் என் நேரத்திலிருந்து ஆரம்பித்தேன். ஒரு நாளில் படிப்புக்கென்று உருப்படியாகக் கிடைக்கும் என் நேரம் 150 நிமிடம். சின்னவளின் வாசிப்புக்கு 20, அவளுடைய எண்களுக்கு 15, இரண்டாமவனின் கணக்குக்கு 20, எழுத்துக்கு 15, மூத்தவளின் கணக்குக்கு 15, அவள் எழுதியதைத் திருத்த 15. ஆக 100. எல்லோரும் சேர்ந்து படிக்க 45. மீதி ஐந்து நிமிடம்தான். இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது என்று ஒரு தாளில் பார்த்ததே பெரிய நிம்மதியாக இருந்தது, ஏனென்றால் அதுவரை என்னிடம் இல்லாத நேரத்தைத்தான் நான் தினமும் தேடிக்கொண்டிருந்தேன். கடைக்குட்டி பகலில் தூங்கும் ஒரு மணி நேரத்தில், கூடவே உட்கார வேண்டிய பாடங்களை முதலில் வைத்தேன். அவன் விழித்திருக்கும்போது படிப்பு தொடங்கும் முன்பே பதினைந்து நிமிடம் அவனோடு மட்டும் விளையாடிவிட்டு வந்தால், பிறகு கொஞ்ச நேரமாவது காலைச் சுற்றாமல் இருக்கிறான். இது எல்லாக் குழந்தைக்கும் பலிக்குமா என்று சொல்ல மாட்டேன், எங்கள் வீட்டில் பலிக்கிறது.

அந்த 45 நிமிடம்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புவது.

பாடங்களில் இரண்டு வகை உண்டு. கணக்கு, வாசிப்பு, இலக்கணம் எல்லாம் ஏணி மாதிரி, ஒரு படியைத் தாண்டி அடுத்ததில் கால் வைக்க முடியாது, அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் புத்தகம் வேண்டும். வரலாறு, அறிவியல், புவியியல், கதை, ஓவியம், இசை எல்லாம் பல வாசல் உள்ள வீடு மாதிரி, எந்த வயதிலும் எந்தப் பக்கத்திலிருந்தும் உள்ளே வரலாம். ஆனால் நீங்கள் இரண்டாம் வகையையும் வகுப்பு வாரியாகவே பிரித்து வைத்திருக்கிறீர்கள். சென்ற ஆண்டு ஒரே வாரத்தில் ஒரு பிள்ளைக்குத் தாவரங்கள், ஒரு பிள்ளைக்கு மின்சாரம், ஒரு பிள்ளைக்குப் பாறைகள் என்று நான் மூன்று தலைப்புக்குப் பொருள் சேகரித்துக்கொண்டிருந்தேன். ஒருவன் படிப்பதைப் பற்றி இன்னொருத்தியிடம் பேச அவர்களுக்குப் பொதுவாக ஒன்றுமே இல்லை.

இந்த வருடம் ஒரு மாதம் நிலவை மட்டும் பார்த்தோம். எல்லோருக்கும் ஒரே நிலவு, நோட்டு மட்டும் வேறு வேறு. சின்னவள் தினமும் பார்த்த வடிவத்தை ஒரு வட்டத்துக்குள் வரைந்தாள். இரண்டாமவன் நிலவு எழும் நேரத்தைக் குறித்தான், சராசரியாக நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகிறது என்பதை யாரும் சொல்லாமல் அவனே கழித்துப் பார்த்துக் கண்டுபிடித்தான். (அதுவே அந்த வாரத்தின் கழித்தல் பயிற்சியாகவும் ஆனது.) மூத்தவளுக்கு வந்த கேள்வி வேறு: நிலவு பூமியைச் சுற்றி வர 27.3 நாள்தான் என்றால், ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்கு ஏன் 29.5 நாள் ஆகிறது? அந்த நாள்களில் பூமியும் சூரியனைச் சுற்றி நகர்ந்துவிடுவதால் நிலவு இன்னும் கொஞ்ச தூரம் போனால்தான் சூரியனுக்கு நேர் எதிரே வர முடியும் என்பதை, கடைக்குட்டியை நடுவில் சூரியனாக உட்கார வைத்து மூவரும் சுற்றி நடந்து புரிந்துகொண்டார்கள். சூரியன் எழுந்து ஓடிவிட்டது, ஆனாலும் விஷயம் புரிந்துவிட்டது. நான் தயார் செய்தது ஒரே ஒரு பாடம். மூன்று பெட்டி வைத்திருந்தபோது எனக்கு இப்படி ஒரு நாள் கிடைக்கவே இல்லை.

இப்படி ஒரு தலைப்பை எடுத்து, அடியில் மூன்று வயதுக்கு மூன்று விதமான வேலையைப் போட்டுத் தர உங்களால் நிச்சயம் முடியும். சின்னவர்கள் வரைந்து வாயால் சொல்லட்டும், நடுவில் இருப்பவர்கள் நாலு வாக்கியம் எழுதட்டும், பெரியவர்கள் ஒரு பக்கம் எழுதட்டும். பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாகப் படிப்பது இன்று கண்டுபிடித்த விஷயமும் அல்ல. இத்தாலிய மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரில் தொடங்கிய முதல் குழந்தைகள் இல்லத்திலேயே பல வயதுக் குழந்தைகள் ஒரே அறையில்தான் இருந்தார்கள். அதற்கும் முன்னால், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் அனாதைச் சிறுவர் விடுதி ஒன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துவிட்டு, பெரிய மாணவர் சிறிய மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையைத் தன் பள்ளியில் கொண்டுவந்தார், 1797இல் இங்கிலாந்தில் அதைப் பற்றி எழுதியும் வெளியிட்டார்.

இதில் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், சில கையேடுகளில் "மூத்த பிள்ளையை உதவிக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறார்கள். மூத்தவள் தங்கைக்குக் கதை வாசித்துக் காட்டுவது இருவருக்கும் நல்லது, சொல்லிக்கொடுக்கும்போது அவளுக்கே பாடம் தெளிவாகிறது. ஆனால் அவள் எனக்குப் பதிலாக நிற்கும் ஆசிரியர் அல்ல, அவளுக்கும் 12 வயதுதான். எங்கள் வீட்டில் அது நாளுக்குப் பதினைந்து நிமிடத்தைத் தாண்டாது, அவள் முடியாது என்று சொன்னால் அன்றைக்கு இல்லை. உங்கள் கையேட்டிலும் அந்த எல்லையைச் சேர்த்து எழுதுங்கள்.

அடுத்தது தேதி. உங்களில் பலர் 36 வாரம், வாரத்துக்கு 5 நாள், ஆக 180 நாள் என்று கட்டம் போட்டு, கட்டத்துக்கு மேலே தேதியையும் அச்சடித்துவிடுகிறீர்கள். பிள்ளைகள் பலர் உள்ள வீட்டில் காய்ச்சல் ஒருவரோடு நிற்காது. மூன்று நாள் காய்ச்சல் வரிசையாக நான்கு பேரையும் பார்த்துவிட்டு, கடைசியில் என்னிடம் வந்து முடியும்போது இரண்டு வாரம் போயிருக்கும். அதன் பிறகு அந்தத் தேதிகளைத் திறந்தாலே குற்ற உணர்ச்சிதான். சென்ற ஆண்டு ஒரு கட்டத்தில் மூன்று பெட்டியும் மூன்று வெவ்வேறு வாரப் பாடத்தில் நின்றன, ஒன்று ஏழாவது, ஒன்று நான்காவது, ஒன்று ஐந்தாவது. தேதியை எடுத்துவிட்டுப் பாடத்துக்கு வரிசை எண் மட்டும் கொடுங்கள். விட்ட எண்ணிலிருந்து தொடர்ந்தால் யாரும் பின்தங்கியதாக ஆகாது.

இப்போது நாங்கள் ஆறு வாரம் படிப்பு, ஒரு வாரம் ஓய்வு என்று போகிறோம். ஆறு சுற்றில் 36 வாரப் படிப்பும் 6 வார ஓய்வும் சேர்ந்து 42 வாரம். 52இல் மீதி 10 வாரம் காய்ச்சலுக்கும் பயணத்துக்கும் விருந்தாளிகளுக்கும். ஒரேயடியாக நீண்ட விடுமுறை விடாததால் மறதியும் குறைந்திருக்கிறது. ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இலேயே தன்னையே சோதித்து, படித்தது முதல் சில மணி நேரத்தில்தான் மிக வேகமாக மறக்கிறது என்றும், இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிற்கிறது என்றும் காட்டினார். ஆகவே ஒரே நாளில் 30 கணக்கு தருவதைவிட, புதிதாகப் பத்தும், போன வாரத்திலிருந்து மூன்றும், போன மாதத்திலிருந்து இரண்டும் தாருங்கள். எங்களுக்குத் திருத்தும் நேரமும் மிச்சமாகும். இரண்டாமவனின் பூச்சியத் தவறு மாதிரி ஒன்று ஒளிந்திருந்தாலும் சீக்கிரம் வெளியே வரும்.

அப்புறம், எதை விட்டால் பரவாயில்லை என்றும் குறித்துவிடுங்கள். அடுத்த பாடம் எதன்மேல் நிற்கிறது, எது கூடுதல் பயிற்சி என்று எழுதிய உங்களுக்குத்தான் தெரியும். எங்களுக்குத் தெரியாததால் எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்கிறோம், முடியாத வாரத்தில் எதை விடக் கூடாதோ அதையே விட்டுவிடுகிறோம்.

என்னிடம் சென்ற ஆண்டு நோட்டும் இந்த ஆண்டு நோட்டும் இருக்கின்றன. எந்தப் பாடத்துக்கு என் நேரம் எவ்வளவு ஆனது, எந்தப் பிள்ளை எங்கே காத்திருந்தது, எந்த இரண்டு பாடம் பக்கத்துப் பக்கத்தில் ஓடியது என்று நாள்வாரியாகக் குறித்திருக்கிறேன். அடுத்த பதிப்பை அச்சுக்கு அனுப்பும் முன் உங்களில் யாராவது கேட்டால் அப்படியே தருகிறேன். முடிந்தால் ஒரு நாள் காலையில் பல பிள்ளைகள் உள்ள ஏதாவது ஒரு வீட்டில் வந்து உட்காருங்கள், கையில் உங்கள் புத்தகத்தையும் ஒரு கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு.

அன்புடன்,
நான்கு பிள்ளைகளின் அம்மா