உன் மேசையில் இருந்த பிஸ்டன்

அன்புள்ள கண்ணுக்கு,

வண்டியின் இழுவையைக் கூட்ட எதைப் போடலாம் என்று நீ அனுப்பிய பட்டியலும், வண்டி மேடு ஏறும் வீடியோவும் வந்தன. பட்டியலை ஒரு தடவை படித்தேன். வீடியோவை நாலைந்து தடவை கேட்டேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடித்தான் கேட்டேன். அதில் கேட்டதைப் பின்னால் சொல்கிறேன். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். வண்டிக்கு அடியில் படுக்கும்போது எடுத்துப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

1996 டாட்ஜ் ராம் பிக்கப் ட்ரக் வாங்கியிருக்கிறோம் என்று நீ சொன்னபோது, இத்தனை பழைய வண்டி எதற்கு என்று அம்மா கேட்டாள். நானும் பேசாமல்தான் இருந்தேன். பானட்டைத் திறந்து போட்டோ அனுப்பினாய் பார், அப்போது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். 5.9 லிட்டர் கம்மின்ஸ், ஆறு சிலிண்டர், பன்னிரண்டு வால்வு. நம் பட்டறையில் நீ டார்ச் பிடித்துக்கொண்டு நின்ற அதே இன்ஜின். இந்தியானா மாநிலத்துக் கம்மின்ஸ் 1993இல் டாடாவோடு கூட்டுச் சேர்ந்து, பிறகு ஜாம்ஷெட்பூரில் தயாரிக்க ஆரம்பித்தது இதைத்தான். அதே 102 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் அகலம்), 120 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). சிலிண்டர்கள் எரியும் வரிசை, ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4 என்று நீ வாய்ப்பாட்டோடு சேர்த்து ஒப்பித்தது ஞாபகம் இருக்கிறதா? நீ இருக்கும் டென்வரிலும் அது அதேதான்.

டீசலைப் பீய்ச்சும் பெரிய நாசில், டீசல் அளவை வரையறுக்கும் ஃப்யூயல் பிளேட், சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஸ்பிரிங், காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் பெரிய டர்போ. இந்த நாலில் எதை முதலில் போடலாம் என்று கேட்டிருக்கிறாய். என் பதில், இப்போதைக்கு நாலும் வேண்டாம். சலித்துக்கொள்ளாதே, முழுவதும் படி.

உன் வண்டி ஐந்து கியர் மேனுவல். கம்பெனியிலிருந்து வரும்போது நிமிடத்துக்கு 2,600 சுற்றில் 215 எச்.பி. (குதிரைத்திறன்) கொடுத்த வண்டி. முப்பது வருஷம் ஓடிய பிறகு இன்று எவ்வளவு கொடுக்கிறது? அது தெரியாமல் மேலே சேர்ப்பது, ஓட்டைக் குடத்துக்குப் பெரிய வாளியில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. இருந்து தொலைந்த இழுவையை முதலில் மீட்டுக்கொள். பாதி வண்டிகளில் அதுவே போதும் என்று ஆகிவிடும்.

எங்கே தொலைந்திருக்கும் என்று சொல்கிறேன். டேங்கிலிருந்து வரும் லைனுக்கும், டீசலை இழுத்துக் கொடுக்கும் லிஃப்ட் பம்புக்கும் நடுவே, இன்ஜினுக்குப் பின்பக்கம் கைக்கு எட்டாத இடத்தில், சின்ன ரப்பர் ஹோஸ் இருக்கும். வெடித்திருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றை உள்ளே இழுக்கும். அதனால் யார் கண்ணிலும் படாது. வெடிப்பு தெரிகிறதோ இல்லையோ, மாற்றிவிடு. அடுத்து, நாசில்களுக்கு டீசலை அடிக்கும் பெரிய பம்பில், மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பும் வழியில் இருக்கும் ஓவர்ஃப்ளோ வால்வு. உள்ளே ஒரு ஸ்பிரிங்தான். அது தளர்ந்தால் பம்புக்குள் பிரஷர் நிற்காமல் டீசல் டேங்குக்கே திரும்பிவிடும், வண்டி சோம்பிப்போகும். கையளவு சாமான், மாற்றுவது அரை மணி வேலை. அப்புறம் அதே பம்பின் மேல் உட்கார்ந்திருக்கும் பூஸ்ட் டயாபிரம், ஒரு மெல்லிய ரப்பர் சவ்வு. டர்போ காற்று வந்து அதைத் தள்ளினால்தான் முழு டீசலும் போகும். அது கிழிந்திருந்தாலோ, அதற்குப் போகும் சின்னக் குழாய் விட்டிருந்தாலோ, நீ எத்தனை பெரிய நாசில் போட்டும் பயன் இல்லை. டேப்பட்டும், அதாவது வால்வு இடைவெளியும், பார்த்துவிடு. குளிர்ந்த இன்ஜினில், இன்டேக் 0.25 மில்லி, எக்சாஸ்ட் 0.50. இடைவெளி அளக்கும் தகடு, ஃபீலர் கேஜ், லேசாகப் பிடித்து உருவி வரவேண்டும். உன் கைக்கு அது தெரியும்.

இப்போது வீடியோ. மேடு ஏறும்போது டர்போ விசிலுக்கு அடியில் ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் வருகிறது. ஆக்சிலரேட்டரை விட்டதும் நின்றுவிடுகிறது, மிதித்ததும் திரும்ப வருகிறது. டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய்களை இணைக்கும் ரப்பர் உறையில் (பூட்) எங்கேயோ காற்றுப் போகிறது. வலதா இடதா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. கிளிப்பைக் கழற்றி, அந்த ரப்பர் பூட்டை உள்பக்கமாக மடித்துப் பார். எண்ணெய் ஈரம் கோடு போட்டிருந்தால் அதுதான் இடம். டர்போ அரும்பாடுபட்டு அமுக்கிய காற்று அந்தக் கோடு வழியாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

வேறு எதைத் தொடுவதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, இதை மட்டும் தள்ளிப்போடாதே. இன்ஜின் முன்பக்கத்தில் டைமிங் கியர்களை மூடியிருக்கும் டைமிங் கேஸுக்குள், ஆணி மாதிரி ஒரு சின்ன எஃகு டவல் பின் இருக்கும். அதை அடித்து ஏற்றியிருப்பார்கள், பிடித்து நிறுத்த எதுவும் கிடையாது. வருஷக்கணக்கான அதிர்வில் அது மெல்ல மெல்ல வெளியே நகர்ந்து டைமிங் கியர்களுக்கு நடுவே விழும். விழுந்தால் கேஸ் உடையும், மோசமாகப் போனால் இன்ஜினே போய்விடும். அந்தக் காலத்து 5.9 எல்லாவற்றுக்கும் இந்தக் குறை உண்டு. அந்த டவல் பின்னுக்குப் பக்கத்து போல்ட்டில் ஒரு சின்னத் தகடு வைத்து அதை மறித்துவிட்டால் முடிந்தது கதை. பழைய ஓனர் செய்திருக்கிறார் என்று யார் சொன்னாலும் நம்பாதே, கவரைக் கழற்றி உன் கண்ணால் பார்.

சரி, இவ்வளவும் செய்த பிறகும் இழுவை போதவில்லை என்றால் வாங்க வேண்டிய முதல் சாமான் பைரோமீட்டர். எக்சாஸ்ட், அதாவது வெளியே போகும் புகையின் சூட்டைக் காட்டும் கேஜ். பக்கத்தில், டர்போ காற்றின் அழுத்தத்தைக் காட்டும் ஒரு பூஸ்ட் கேஜ். இவை ஒரு குதிரையைக்கூடக் கூட்டாது, இதற்கா காசு என்று மாப்பிள்ளைக்குத் தோன்றும். அவருக்காகவும் உனக்காகவும் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

நீ நாலாவது படிக்கும்போது உன் மேசையில் பென்சில் போட்டுவைக்க ஒரு பிஸ்டனைத் தலைகீழாக நிறுத்திக் கொடுத்தேன். அதன் அடியில் சுண்டுவிரல் நுழைகிற அளவு ஓட்டை இருந்தது. சின்னப் பென்சில் அதற்குள் இறங்கிச் சிக்கிக்கொள்ளும், நீ அழுவாய். ஓட்டை எப்படி வந்தது என்று கேட்டதற்கு, பழைய பிஸ்டன் சாமி, தேய்ந்துபோச்சு என்றேன். பிஸ்டன் அப்படித் தேயாது. அது என் கையால் உருகியது.

சொந்த லாரி வைத்து ஓட்டும் ஒருவர், கொஞ்சம் இழுவை ஏற்றிக்கொடு என்று கேட்டார். டாடா கம்மின்ஸ். நான் பம்பின் சீலை உடைத்து டீசல் ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்பிக் கொடுத்தேன். ஓட்டிப் பார்த்துவிட்டு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவு சந்தோஷம். மூன்றாவது நடையில் ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு சேலத்திலிருந்து தர்மபுரி போகும்போது, தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் வண்டி நின்றது. வண்டி கறுப்புப் புகை அடித்துக்கொண்டே ஏறியது, திடீரென்று வெள்ளையாய் அடித்து நின்றுவிட்டது என்று டிரைவர் சொன்னார். ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் ஆறாவது பிஸ்டனின் நடுவில் அந்த ஓட்டை. விளிம்பெல்லாம் மெழுகு வழிந்து உறைந்த மாதிரி இருந்தது. இது லைனர் இல்லாத பிளாக், சிலிண்டருக்குள் இருக்கும் தனிக் குழாயை லேலண்டில் செய்வதுபோல உருவி மாற்ற முடியாது. சிலிண்டரைக் கடைந்து போர் போட வேண்டியதாயிற்று. செலவில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். ஆனால் அவர் ஒரு மாதம் வண்டியில்லாமல், தவணை கட்ட முடியாமல் நின்றதை என்னால் ஈடுகட்ட முடியவில்லை. கண் முன்னால் இருக்கட்டும் என்றுதான் அந்தப் பிஸ்டனை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

டீசல் இன்ஜினில் பவரைத் தீர்மானிப்பது டீசல்தான். ஸ்க்ரூவைத் திருப்பினால் போதும், உடனே கூடும். அதுதான் ஆபத்தும். கூடுகிற டீசலுக்கு ஏற்ற காற்று இல்லாவிட்டால் ஒரு பங்கு கறுப்புப் புகையாகவும், மற்றது சூடாகவும் மாறும். நீ ட்ரெய்லரைக் கட்டிக்கொண்டு ஏறும் ஐசன்ஹோவர் டனல் 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். தொப்பூரிலேயே உருகியது என்றால், அங்கே என்ன ஆகும் என்று யோசித்துக்கொள். பைரோமீட்டரில் 1,250 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி ஊசி நிற்கக் கூடாது. தொட்டால் காலை எடு.

காற்று முதலில், டீசல் பிறகு. ஃபில்டரைப் புதிதாகப் போடு. எக்சாஸ்ட் குழாயை நாலு அங்குலமாக்கினால் சூடு இறங்கும். வண்டியோடு, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்திருந்தால் அதை மட்டும் கழற்றிவிடாதே, அமெரிக்கச் சட்டப்படி அது குற்றம். வேண்டுமென்றே கறுப்புப் புகை விடுவதற்கும் கொலராடோவில் 2017இலிருந்து தடை இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நீ செய்யமாட்டாய், பின்னால் பிள்ளைகள் சைக்கிளில் வருவார்கள்.

அதற்குப் பிறகு ஃப்யூயல் பிளேட். புதிது வாங்க வேண்டாம், இருப்பதையே கொஞ்சம் முன்னால் தள்ளி வை. ஒரு தடவைக்கு ஒரு மில்லிதான். டனல் வரை ஒரு நடை போய்வந்து ஊசியைப் பார்த்த பிறகு அடுத்த மில்லி. ட்ரெய்லர் இழுக்கிற வண்டிக்கு கவர்னர் ஸ்பிரிங் தேவையில்லை, அது சுற்றைத்தான் கூட்டும், நமக்கு வேண்டியது கீழ்ச்சுற்றில் இழுவை. நாசிலும் டர்போவும் ஒன்றுக்கொன்று ஜோடி. ஒன்றை மட்டும் போட்டால் மற்றது திணறும். இரண்டையும் போட்டால் அடுத்த மாதமே கிளட்ச் வழுக்கும், அப்புறம் அதற்கும் செலவு. அந்தக் காசை பிரேக்கில் போடு. ஏறுவதற்குப் பவர் இல்லாவிட்டால் மெதுவாகத்தான் போவாய், அவ்வளவுதான். இறங்கும்போது பிரேக் சூடாகிப் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று தொப்பூர் இறக்கத்தில் எத்தனையோ வண்டிகளைப் பார்த்துவிட்டேன். ட்ரெய்லர் பிரேக் சரியாக வேலை செய்கிறதா என்று பார். எக்சாஸ்ட் புகையை மறித்து வேகத்தைக் குறைக்கும் ஒரு எக்சாஸ்ட் பிரேக்கும் போடு, எக்சாஸ்ட் வால்வு ஸ்பிரிங் அதைத் தாங்குமா என்று கேட்டுக்கொண்டு போடு.

வீடியோவில் இன்னொன்றும் கேட்டேன். அத்தனை ஏற்றத்தையும் நீ ஐந்தாவது கியரிலேயே இழுத்துக்கொண்டு போகிறாய். இன்ஜின் முனகுகிறது பாப்பா. 215 எச்.பி. இருப்பது 2,600 சுற்றில், நீ 1,500இல் வைத்துக்கொண்டு பவர் இல்லை என்கிறாய். மேடு ஆரம்பிக்கும்போதே நாலாவதுக்கு வா. டர்போவுக்குச் சுற்று கிடைக்கும், காற்று வரும், சூடும் இறங்கும். அந்த கியர் பாக்ஸில் ஐந்தாவது கியரின் நட் கழன்றுபோகிற வழக்கமும் உண்டு, கீழ்ச்சுற்றில் போட்டு இழுத்தால் சீக்கிரம் கழலும்.

ஹோஸ், ஓவர்ஃப்ளோ வால்வு, பூட் மூன்றையும் மாற்றியதும் அதே ஏற்றத்தில் நாலாவது கியரில் ஏறி இன்னொரு வீடியோ அனுப்பு. டைமிங் கேஸைத் திறக்கும் அன்றைக்கு எனக்கு போன் போடு, இங்கே நடு ராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை, அந்த டவல் பின் எங்கே நிற்கிறது என்று நானும் பார்க்க வேண்டும். பைரோமீட்டர் மாட்டிய பிறகு, டனலுக்கு ஏறும்போது ஊசி எதில் நிற்கிறது என்று மாப்பிள்ளையைப் பார்த்துச் சொல்லச் சொல். நீ ரோட்டைப் பார்.

அன்புடன்,
அப்பா