எங்கள் ஊர் கிராம சபைக்கு: அமுச்சி பேரில் வளைவு வேண்டாம்

கிராம சபைப் பெரியவர்களுக்கும், ஊராட்சித் தனி அலுவலர் அவர்களுக்கும், தறிக்குடோன், பனியன் கம்பெனி, லைன் வீட்டு உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

என் அம்மாவைப் பெற்ற அமுச்சியின் காரியத்துக்கு வந்து நின்ற எல்லோருக்கும் முதலில் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஊர்க்காரர்களும் காலனிக்காரர்களும் லைன் வீடுகளில் இருக்கும் ஒடிசா, பீகார் குடும்பங்களும் ஒரே பந்தலில் உட்கார்ந்திருந்ததை நம் ஊரில் அன்றைக்குத்தான் பார்த்தேன். பல்லடம் ரோட்டிலிருந்து ஊருக்குள் திரும்பும் இடத்தில் அமுச்சி பேரில் ஒரு நுழைவு வளைவு கட்டலாம் என்ற பேச்சு அந்தப் பந்தலிலேயே எழுந்தது. சிலர் பணம் தருவதாகவும் சொல்லிவிட்டார்கள். அடுத்த கிராம சபையில் அது தீர்மானமாக வரப்போகிறது என்று கேள்விப்பட்டேன். உங்கள் அன்பு புரிகிறது. ஆனாலும் அந்தத் தீர்மானத்தை மாற்றிப் போடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அமுச்சி செய்த வேலை பலருக்குப் பாதிதான் தெரியும். சொட்டு மருந்து நாளில் ஐஸ் பெட்டியோடு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். மற்ற நாட்களில் அவர் என்ன செய்தார் என்பது லைன் வீட்டுப் பெண்களுக்கும் நர்ஸம்மாவுக்கும்தான் முழுசாகத் தெரியும்.

என் பெரிய மாமாவுக்கு ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. அது 1960களின் நடுப்பகுதி. நம் பக்கத்துக் கிராமங்களுக்குச் சொட்டு மருந்து வந்து சேராத காலம். ரெண்டு நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் இடது கால் தொங்கிவிட்டது. கோயமுத்தூர் வரைக்கும் தூக்கிக்கொண்டு போயும் கால் திரும்பவில்லை. மாமா கடைசி வரை முழங்காலில் கையை ஊன்றித்தான் நடந்தார். 1995இல் போலியோ சொட்டு மருந்து முகாம் தொடங்கியபோது அமுச்சிக்கு ஐம்பது வயதுக்கு மேல். யாரும் கூப்பிடாமல் தானாகவே போய் நின்றார். அதற்குச் சில வருஷம் முன்புதான் அறிவொளி இயக்க வகுப்பில் எழுத்துக் கற்றிருந்தார். அந்த எழுத்து கைகொடுத்தது.

முகாம் முடிந்த மறுநாள் வீடு வீடாகப் போய்ச் சுவரில் சாக்பீஸால் குறி போடுவார்கள், ஞாபகம் இருக்கும். எல்லாக் குழந்தைக்கும் மருந்து கொடுத்த வீட்டுக்கு 'பி' என்ற எழுத்து. விட்டுப்போன வீட்டுக்கும் பூட்டியிருந்த வீட்டுக்கும் பெருக்கல் குறி. பெருக்கல் குறி போட்ட வீடுகளுக்கு அமுச்சி சாயங்காலம் திரும்பவும் போவார். இருட்டினால் டார்ச் லைட்டோடு போவார். காலனியில் திண்ணையில் உட்கார்ந்து, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பார். அதற்கு நம் வளவில், நம் தெரு வீடுகளில், என்னென்ன பேசினார்கள் என்பதை இங்கே எழுத விரும்பவில்லை. அமுச்சி அதை ஒரு நாளும் காதில் போட்டுக்கொண்டதில்லை. இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கடைசியாக வந்தது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில் ஒரு குழந்தைக்கு. 2014 மார்ச்சில் நம் நாட்டைப் போலியோ இல்லாத நாடு என்று அறிவித்த செய்தியை அமுச்சி பேப்பரில் எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்துவிட்டு மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அதோடு வேலை முடிந்தது என்று அவர் நினைக்கவில்லை. அதற்குள் நம் ஊரே மாறியிருந்தது. தோட்டங்கள் இருந்த இடத்தில் பனியன் கம்பெனிகள் வந்தன, அவற்றை ஒட்டி வரிசையாக லைன் வீடுகள் வந்தன. அங்கே வருகிற குடும்பங்கள் ஆறு மாதம் இருப்பார்கள், வேறு கம்பெனிக்கு மாறுவார்கள், தீபாவளிக்கோ சத் பூஜைக்கோ ஊருக்குப் போவார்கள். குழந்தையின் தடுப்பூசி அட்டை சொந்த ஊரில் கிடக்கும். போன் நம்பர் மாறிவிடும். நர்ஸம்மா ஒருவரே பல ஊர்களைப் பார்க்கிறார். நேற்று குடிவந்த குழந்தையின் பெயர் அவருடைய பதிவேட்டில் எப்படி இருக்கும்?

அதனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கம்பெனி விடும் நேரம் பார்த்து, அமுச்சி லைன் வீடுகளைச் சுற்றி வருவார். மறுநாள் புதன்கிழமை துணை சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள். பாஷை தெரியாது. தன் தோளைக் கிள்ளிக் காட்டி, நிலையம் இருக்கும் திசையில் கையைக் காட்டுவார், அவ்வளவுதான். ரேஷன் கார்டு கேட்பார்களோ, இந்த ஊர் முகவரி கேட்பார்களோ என்று அந்தப் பெண்களுக்குப் பயம். இதெல்லாம் எதுவும் வேண்டாம், எந்த மாநிலத்துக் குழந்தைக்கும் இலவசமாகவே போடுவார்கள் என்பதைப் புரியவைக்க, முதல் தடவை கூடவே நடந்து போவார்.

அப்புறம் காய்ச்சல். இதுதான் பெரிய விஷயம், வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத விஷயம். ஒன்றரை மாதத்தில் போடும் ஊசிக்குப் பல குழந்தைகளுக்கு ஒரு நாள் காய்ச்சல் அடிக்கும். நர்ஸம்மா மருந்து கொடுத்துத்தான் அனுப்புவார், பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் பனியன் கம்பெனியில் செக்கிங்கிலோ பவர் டேபிள் தையலிலோ வேலை செய்கிற தாய்க்கு புதன்கிழமை அரை ஷிஃப்ட் போயிற்று, குழந்தை அழுவதால் வியாழக்கிழமை முழு ஷிஃப்டும் போயிற்று. பிறகு இரண்டரை மாத ஊசிக்கும் மூன்றரை மாத ஊசிக்கும் அவள் எப்படி வருவாள்? அக்கறை இல்லாத தாய் என்று நாம் சொல்லிவிடுகிறோம். வாரக் கூலியில் வாடகை கட்டுகிறவளின் கணக்கு வேறு. அமுச்சி அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டார். "காய்ச்சல் வந்தா எங்கிட்ட உட்டுட்டுப் போ கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்பார். எத்தனையோ வியாழக்கிழமைகளில் எங்கள் வீட்டு ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், தொட்டில் கட்டிக் கிடந்த குழந்தைகள் இந்தக் குழந்தைகள்தான். பால் கொடுக்கத் தாய் இடைவேளையில் ஓடி வந்துவிட்டுப் போவாள்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை ரூபெல்லா ஊசி முகாம் வந்தபோது, வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை நம்பிப் படித்த பெற்றோர்களே பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார்கள், என் குழந்தைக்கு வேண்டாம் என்று. அமுச்சி தன் கொள்ளுப் பேரனைக் கூட்டிக்கொண்டு போய், பள்ளிக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் முதல் ஊசியை அவனுக்குப் போட வைத்தார். வாதம் எதுவும் செய்யவில்லை. அடுத்த நாள் அவனை அதே வாசலில் விளையாட விட்டார்.

சரி, நான் கேட்பதைச் சொல்கிறேன்.

வளைவுக்குச் சேரும் பணத்தில் துணை சுகாதார நிலையத்துக்கு முன்னால் ஒரு நிழற்கூரை போடுங்கள். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் குழந்தையோடு அங்கேயே இருக்கச் சொல்கிறார்கள், சித்திரை வெயிலிலும் அந்தப் பெண்கள் வேப்பமரத்தடியில் நிற்கிறார்கள். உட்கார பெஞ்சும் குடிக்கத் தண்ணீரும் வேண்டும். கழிப்பறைக்குக் கதவு இல்லை, அதையும் சேர்த்துப் பாருங்கள். அமுச்சி பெயரை அதில் எழுதுவதும் எழுதாததும் உங்கள் விருப்பம்.

கம்பெனி உரிமையாளர்களே, கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்ணுக்கு ஊசி நாளில் காலை ரெண்டு மணி நேரம் சம்பளம் பிடிக்காமல் விடுங்கள். ஒரு குழந்தைக்கு முதல் வருஷத்தில் நாலைந்து தடவைதான் வரும். கூலியைப் பிடிக்காமல் விட்டாலே பாதிக் குழந்தைகள் தாமாக வந்துவிடும் என்று அமுச்சி சொல்வார். அவர் இதை உங்களில் சிலரிடம் நேரிலேயே கேட்டிருக்கிறார். சிலர் சரி என்றீர்கள். அதை எழுத்தில், தீர்மானத்தில் கொண்டுவாருங்கள்.

லைன் வீட்டுக்காரர்கள், குடிவரும் குடும்பத்தில் ரெண்டு வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் அன்றைக்கே நர்ஸம்மாவுக்கு ஒரு போன் போட்டால் போதும்.

செவ்வாய்க்கிழமை சுற்றி வர மகளிர் குழுவிலிருந்து ரெண்டு மூன்று பேர் வேண்டும். அதில் ஒருவராவது லைன் வீட்டில் இருக்கும் பெண்ணாக, இந்தியோ ஒடியாவோ பேசுகிறவராக இருக்கட்டும். அவருக்கு ஒரு சின்னத் தொகை கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அமுச்சி வாங்கவில்லை என்பதற்காக அந்தப் பெண்ணும் சும்மா செய்ய வேண்டியதில்லை. அமுச்சிக்குத் தோட்டம் இருந்தது.

அமுச்சியின் நோட்டு எங்களிடம் இருக்கிறது. குழந்தையின் பெயர், எந்த லைன், எத்தனையாவது வீடு, அடுத்த ஊசி எந்த புதன்கிழமை, எல்லாம் பெரிய பெரிய எழுத்தில் இருக்கிறது. கிராம சபையன்று அதைக் கொண்டுவந்து, பொறுப்பு எடுத்துக்கொள்கிறவர் கையில் கொடுக்கிறேன். அதுவரைக்கும் செவ்வாய்க்கிழமைகளில் என் அம்மா போகிறார். அவருக்கு முட்டி வலி இருப்பதால் கடைசி லைன் வரை நடக்க முடியவில்லை. இந்த வாரமே யாராவது கூட வந்தால் நல்லது.

இப்படிக்கு,
அமுச்சியின் மகள் வழிப் பேத்தி